36 கேலன் டேங்க்கும் 125 டாலர்ல நிக்கிற பம்ப்பும்

அமெரிக்காவுல பிக்கப் டிரக்கு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சதும் நம்மாளுங்க கேக்குற மொதக் கேள்வி மைலேஜ் என்ன குடுக்குது, அடுத்த கேள்வி ஃபுல் டேங்க் அடிக்க எவ்ளோ ஆகும். மொதக் கேள்விக்கு மனச கல்லாக்கிட்டு உண்மைய சொல்லிடுவேன். ரெண்டாவதுக்கு பதில் சொல்றதுதான் கஷ்டம், ஏன்னா விலை ஏறிக்கெடக்குற நேரத்துல ஃபுல் டேங்க் அடிக்க பம்ப்பே விடாது. காசு இருக்கு, கார்டு இருக்கு, டேங்க்ல எடம் இருக்கு, தரைக்கு கீழ கேஸ் ஸ்டேஷன்காரன், அதாவது இங்கத்த பெட்ரோல் பங்க்காரன், ஆயிரக்கணக்கான கேலன் பொதச்சு வெச்சிருக்கான், ஆனா 125 டாலர் வந்ததும் டக்குனு நின்னுடும். சில எடத்துல 100. பழைய ஸ்டேஷன்னா 75லயே கதை முடிஞ்சுது.

வண்டி ஃபோர்ட் எஃப்-150, 36 கேலன் டேங்க். சின்ன டேங்க்கும் உண்டு, 23ல இருக்கு, 26ல இருக்கு, நான் வாங்குனது பெருசு. நம்ம கணக்குக்கு 136 லிட்டர். ஊர்ல ஸ்விஃப்ட் காருக்கு 37 லிட்டர், ஆக மூணு ஸ்விஃப்ட்டை ரொப்பிட்டு நாலாவதுக்கும் பாதிக்கு மேல ஊத்தலாம். இவ்ளோ பெரிய டேங்க் எதுக்குடான்னு கேப்பீங்க. நானும் மச்சானும் டெக்சாஸ் மாநிலம் டாலஸ்ல வார நாள்ல ஐடி, வாரக்கடைசி கேட்டரிங். கல்யாணம், வளைகாப்பு, காது குத்து, சங்கத்து பொங்கல் விழான்னு ஆர்டர் வரும். 16 அடி ட்ரெய்லர்ல அடுப்பு, அண்டா, இட்லி கொப்பரை, ஹாட் பாக்ஸ் எல்லாம் ஏத்தி வண்டில மாட்டிட்டு ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோன்னு கெளம்பிடுவோம். ஊர்ல இதுக்கு ஒரு குட்டி யானை போதும், டாட்டா ஏஸ்ல முன்னாடி டிரைவர், பின்னாடி அண்டா மேல மாஸ்டர் உக்காந்துட்டு போயிடலாம். இங்க எழுபது எழுபத்தஞ்சு மைல் ஸ்பீடுல ஓடுற ஹைவேல 16 அடி ட்ரெய்லர இழுக்கணும்னா டிரக்குதான்.

அதுலயும் ஊர்ல ஓடுற டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஒண்ணு இங்க கெடச்சா நல்லாருக்கும்னு தோணும், கெடைக்காது. அமெரிக்காவுல வெளிநாட்டுல செஞ்ச சின்ன டிரக்குக்கு 25 பெர்சன்ட் வரி, 1964லருந்து இருக்கு. ஐரோப்பாக்காரன் அமெரிக்க கோழிக்கு வரி போட்டான்னு பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் காலத்துல இவங்க டிரக்குக்கு போட்டது, மத்த சாமானுக்கு போட்டதெல்லாம் போயிடுச்சு, டிரக்கு வரி மட்டும் அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வந்த மைலேஜ் சட்டத்துல வண்டியோட அகல நீளம் பெருசானா எட்ட வேண்டிய மைலேஜ் கொறையும்னு ஒரு கணக்கு வேற. ஆக கம்பெனிக்காரன் வண்டிய பெருசாக்கிட்டே போனான், கூடவே டேங்க்கும் வளந்துச்சு. கோழிக்கு வந்த சண்டைக்கு நான் இப்போ கேஸ் ஸ்டேஷன்ல நின்னு அழுதுட்டு இருக்கேன்.

சரி 2022க்கு வர்றேன், ஏன்னா எரிச்சலோட உச்சம் அந்த கோடைதான். பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள்ள போச்சு, மார்ச்லயே 2008ல இருந்த பழைய ரெக்கார்ட் ஒடஞ்சுது, ஜூன் 14ஆம் தேதி ட்ரிபிள் ஏங்கற வண்டிக்காரங்க சங்கத்து கணக்குல நாடு முழுக்க சராசரி கேலனுக்கு 5 டாலர் 1.6 சென்ட், கலிஃபோர்னியால 6 டாலர் 44 சென்ட்கிட்ட. டெக்சாஸ் புண்ணியம், அஞ்சை தொடல, நாலு எழுபது பக்கத்துல நின்னுச்சு. எங்க வண்டி சும்மா ஹைவேல போனா கேலனுக்கு இருபது மைல் குடுக்கும், ட்ரெய்லர மாட்டுனா பத்து. ஹூஸ்டன் போய்ட்டு வர 480 மைல், ஆக 48 கேலன், 225 டாலர். இதே ட்ரிப்ப 2020 கடைசில போயிருந்தா டெக்சாஸ்ல கேலன் ரெண்டு டாலருக்குள்ள கெடச்சுது, தொண்ணூத்தி சொச்சத்துல முடிஞ்சிருக்கும். கேட்டரிங் ஆர்டர்ங்கறது ரெண்டு மாசம் மூணு மாசம் முன்னாடியே தலைக்கு இவ்ளோன்னு பேசி முடிச்சு அட்வான்ஸ் வாங்குற வேலை. மார்ச்ல பேசுன வெலைக்கு ஜூன்ல சாம்பார் ஊத்தப்போனா, லாபம் அப்படியே சைலன்ஸர் வழியா போயிடுது. அந்த வருஷம் வருமான வரி ஆபீஸ்காரங்களே பாதி வருஷத்துல மனசு எறங்கி தொழிலுக்கு வண்டி ஓட்டுறவங்களுக்கு கழிக்கிற தொகைய மைலுக்கு 58.5 சென்ட்லருந்து 62.5 சென்ட்டா ஏத்துனாங்க, ஜூலை 1லருந்து. பாதி வருஷத்துல அவங்க அத மாத்துறதெல்லாம் அபூர்வம்.

அப்போ ஊருக்கு ஃபோன் பண்ணும்போது ஒரு வேடிக்கை. "உங்களுக்கென்னப்பா, அங்க பெட்ரோல் தண்ணி விலைதானே" அப்படின்னு அப்பா எப்பவும் சொல்லுவார். அந்த ஜூன்ல சென்னைல லிட்டர் 102 ரூபா 63 காசு. இங்க அஞ்சு டாலர லிட்டருக்கு மாத்தி, டாலர் 78 ரூபான்னு வெச்சு பெருக்குனா 103 ரூபா வருது. ஒரே விலை! சொன்னேன், அவர் நம்பல. மறுநாள் அவரே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டு "அப்போ உன் வண்டிக்கு ஒரு தடவை ரொப்ப பதினாலாயிரமாடா?"ன்னு கேட்டார், அதுக்கப்புறம் அம்மாகிட்ட ஃபோனை குடுத்துட்டார். அவர் ஓட்டுறது டிவிஎஸ் எக்ஸ்எல், நாலு லிட்டர் டேங்க், நூறு ரூபாய்க்கு போடுன்னு சொல்லுவார், அந்த நூறுக்கு முழுசா ஒரு லிட்டர் கூட வரலங்கறது அவரோட கோவம்.

அவர் கேள்விக்கு அப்போ பதில் சொல்லல, இங்க சொல்றேன். டேங்க் பெருசா இருக்கறதால ஒரு பைசா கூட செலவாகல. நெறைய பேருக்கு இது புரியாது, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் "சின்ன டேங்க் வண்டி வாங்கிருந்தா செலவு கொறஞ்சிருக்கும்ல"ன்னு சீரியஸா கேட்டார். செலவு பூரா மைலேஜ்ல இருக்கு. சின்ன டேங்க்ல அதே எஞ்சின்னா 70 டாலரா ரெண்டு தடவை குடுப்பேன், பெரிய டேங்க்ல 140ஆ ஒரு தடவை. வலிக்கிறது மட்டும் வேற மாதிரி. பம்ப்ல அந்த டாலர் நம்பர் ஓடுற வேகம் இருக்கே, கேலன் நம்பர் மெதுவா நகரும், பக்கத்துல டாலர் நம்பர் தலை தெறிக்க ஓடும், அத ஒரு ஏழெட்டு நிமிஷம் நின்னு பாக்கணும். இங்க சட்டப்படி பம்ப் நிமிஷத்துக்கு பத்து கேலனுக்கு மேல ஊத்தக்கூடாது, ஆவி கிளம்பாம இருக்க கொண்டு வந்தது, ஃபில்டர் அடைச்ச ஸ்டேஷன்ல அஞ்சுதான் வரும். கேம்ரி கார்க்காரன் வந்தான், அடிச்சான், போயிட்டான், அவனுக்கு அப்புறம் வந்தவனும் போயிட்டான், நான் இன்னும் நிக்கிறேன்.

மைலேஜ்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 30 மைல் குடுக்குற கார வித்துட்டு 40 மைல் குடுக்குற ஹைப்ரிட் வாங்கிட்டு நம்மாளுங்க பெருமையா பேசுவாங்க. வருஷம் 12,000 மைல் ஓட்டுனா அவங்க 400 கேலன்லருந்து 300க்கு வர்றாங்க, நூறு கேலன் மிச்சம். ஆனா 12 மைல் குடுக்குற பழைய டிரக்க குடுத்துட்டு 15 மைல் குடுக்குற டிரக்கு வாங்குனவன் ஆயிரம் கேலன்லருந்து 800க்கு வந்துட்டான், எரநூறு மிச்சம். மூணு மைல் ஏத்துனவன் பத்து மைல் ஏத்துனவன விட டபுளா மிச்சம் பண்றான், ஆனா அவனத்தான் பார்ட்டில எல்லாரும் பூமிய கெடுக்க வந்தவன் மாதிரி பாக்குறாங்க.

இப்போ அந்த 125 டாலர் விஷயம். பம்ப்ல கார்டை சொருகுனதும் ஜிப் கோடு, அதாவது இங்கத்த பின்கோடு, கேக்குதுல்ல, அப்போ உள்ளுக்குள்ள இன்னொரு வேலையும் நடக்குது. நாம எவ்ளோ அடிக்கப்போறோம்னு பம்ப்புக்கு தெரியாது, அதனால பேங்க்க பாத்து இந்தாளு கணக்குல இவ்ளோ இருக்கான்னு ஒரு தொகைய முன்னாடியே கேட்டு புடிச்சு வெச்சுக்கும், ஹோல்ட்னு சொல்லுவாங்க. சில ஸ்டேஷன் ஒரு டாலர் கேக்கும், சில ஸ்டேஷன் மொத்தமா கேக்கும். கார்டு கம்பெனி ஒரு வரம்பு வெச்சிருக்கான், அதுக்குள்ள ஊத்துனா பின்னாடி அது திருட்டு கார்டுன்னு தெரிஞ்சாலும் காசு ஸ்டேஷனுக்கு வந்துடும், அதுக்கு மேல ஊத்துனது ஸ்டேஷன்காரன் தலைல விடியும். அதான் அவன் பம்ப்ப அந்த வரம்புல நிக்கிற மாதிரி வெச்சிடறான். 2022ல விலை ஏறுன ஏத்தத்துல வீசாவும் மாஸ்டர்கார்டும் இந்த வரம்ப 125லருந்து 175ஆ ஏத்துனாங்க. சந்தோஷமா கணக்கு போட்டேன், அஞ்சு டாலர் விலைல 175ஐ வகுத்தா 35 கேலன். எனக்கு 36. ஒரே ஒரு கேலன்ல கோட்டை விட்டுட்டாங்க. அதுவும் எல்லா ஸ்டேஷன்லயும் ஏத்தல, பாதி எடத்துல பழைய செட்டிங்தான். டீசல் டிரக்குக்காரன் நெலமைய நெனச்சுப் பாருங்க, ஃபோர்ட் சூப்பர் டியூட்டி நீள வண்டில டேங்க் 48 கேலன், அந்த ஜூன்ல டீசல் 5 டாலர் 80க்கு மேல போச்சு, ஒரு ரொப்புக்கு 280 டாலர்.

நின்னுடுச்சுன்னா என்ன, திருப்பி கார்டு போடலாம்லன்னு தோணும். போடலாம். பம்ப் குழாய எடுத்து திருப்பி மாட்டணும், ரிசீட் வேணுமான்னு கேக்கும், கார் வாஷ் வேணுமான்னு கேக்கும், மறுபடி கார்டு, மறுபடி ஜிப் கோடு. இப்போ பேங்க்காரனுக்கு சந்தேகம் வந்துடும், ஒரே பம்ப்ல ஒரே கார்டு அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவையா, நீதானா இதுன்னு ஃபோனுக்கு மெசேஜ் வரும். ஆமான்னு பதில் அனுப்பறதுக்குள்ள பம்ப் "உள்ள போய் கேஷியர பாருங்க"ன்னு காட்டிடும். அவங்க சந்தேகத்துலயும் ஞாயம் இல்லாம இல்ல, திருட்டு கார்டுல எண்ணெய் அடிக்கிற கும்பல் இங்க இருக்கு, டிரக்கு பின்னாடி பெரிய ரப்பர் பை இல்லன்னா கள்ள டேங்க் வெச்சு நூத்துக்கணக்குல கேலன் அள்ளிட்டு போவாங்க. ஆக பெரிய டிரக்குல வந்து ரெண்டாவது தடவை கார்டு சொருகுறவன பாத்தா கம்ப்யூட்டருக்கு திருடன் மாதிரிதான் தெரியும். பின்னாடி ட்ரெய்லர்ல சாம்பார் வாசனை வர்றது அதுக்கு எங்க தெரியப்போவுது.

இதெல்லாம் நடக்கும்போது வண்டியும் ட்ரெய்லரும் சேத்து 40 அடி ரெண்டு பம்ப்ப அடச்சுக்கிட்டு நிக்கிது. டெக்சாஸ்ல யாரும் சட்டுனு ஹாரன் அடிக்க மாட்டாங்க, அது ஒரு மரியாதை, ஆனா கண்ணாடி வழியா பாப்பாங்க பாருங்க. பதினெட்டு சக்கர லாரி போற லேன் பக்கம் போகலாம்னா அங்க டீசல்தான், பெட்ரோல் கெடையாது. ட்ரெய்லரோட நேரா உள்ள போய் நேரா வெளிய வர்ற மாதிரி பம்ப் வரிசை இருக்கற ஸ்டேஷனா பாத்துதான் போகணும், குறுக்க மாட்டிக்கிட்டா ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள மச்சான் எறங்கி "மாமா ஒடி, மாமா ஒடி, போதும் மாமா"ன்னு கத்தி ஊரையே கூட்டிடுவான். இந்த விஷயத்துல பக்கீஸ்ங்கற பெரிய கேஸ் ஸ்டேஷன்தான் எங்களுக்கு கோயில், நியூ பிரான்ஃபெல்ஸ்ல இருக்கறதுல 120 பம்ப்.

என் எரிச்சல் இவ்ளோதான், நேரமும் மானமும் போகுது. உண்மையான அடி வேற ஆளுக்கு விழுது. எங்ககூட பெரிய ஆர்டருக்கு பாத்திரம் தூக்க வர்ற மெக்ஸிகோக்காரர் ஒருத்தர், பழைய சில்வராடோ டிரக்கு வெச்சிருக்கார், கூரை வேலை, வேலி வேலை எல்லாம் அந்த வண்டிலதான். அவர்கிட்ட கிரெடிட் கார்டு கெடையாது, டெபிட்தான். டெபிட் கார்டுல இந்த ஹோல்ட் எப்படி வேலை செய்யும்னா, 40 டாலருக்கு அடிச்சாலும் 175 டாலர் வரைக்கும் கணக்குல முடங்கிடும், ஸ்டேஷன்லருந்து அசல் தொகை போய் சேர்ற வரைக்கும் அத தொட முடியாது. சில பேங்க் ரெண்டு மணி நேரத்துல விடுவான், சில பேங்க் நாள் கணக்கா இழுப்பான், வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா திங்கள் வரைக்கும் மறந்துடணும். அவருக்கு அப்படித்தான் ஆச்சு, வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டார், சனிக்கிழமை ஃபோன் பில் தானா எடுக்க வந்துச்சு, கணக்குல காசு இருந்தும் இல்லாத மாதிரி ஆகி பேங்க் 35 டாலர் அபராதம் போட்டுடுச்சு. பேங்க்ல கேட்டா ஸ்டேஷன கேளுன்னான், ஸ்டேஷன்ல கேட்டா பேங்க்க கேளுன்னான். படிக்க வந்த நம்ம பசங்களும் மொத வருஷம் டெபிட் கார்டுதான வெச்சிருக்காங்க, அவங்களுக்கும் இதே கதிதான், கார் சின்னதா இருந்தாலும் ஹோல்ட் அதே தொகைதான். அதனால யார் கேட்டாலும் நான் சொல்றது, டெபிட் கார்டுன்னா பம்ப்ல சொருகாத, உள்ள போய் இவ்ளோக்குன்னு சொல்லி குடு.

உள்ள போய் குடுக்கறதுதான் எங்களுக்கும் கடைசில வழி. கேஷியர்கிட்ட "ஆறாம் நம்பர் பம்ப், 160 டாலர்"னு சொன்னா அவ்ளோக்கு திறந்து விடுவாங்க, கம்மியா ஊத்துனா மீதி திரும்பி வந்துடும். ஏறக்குறைய நம்ம ஊரு பங்க்ல இருநூறு ரூபாய்க்கு போடுங்கன்னு சொல்றதேதான், ஜீரோ பாத்துக்கோங்க சார்னு சொல்ல மட்டும் ஆள் இல்ல. நமக்கு தெரிஞ்ச குஜராத்திக்காரர் ஒருத்தர் ஸ்டேஷன் வெச்சிருக்கார், அவர்கிட்ட இந்த பம்ப் நிக்கிறத பத்தி பொலம்புனேன். அவர் சொன்னது வேற கதை. விலை ஏறுனா ஓனருக்கு கொண்டாட்டம்னு எல்லாரும் நெனக்கிறாங்களாம், கார்டு கம்பெனி மொத்த தொகைல ரெண்டு ரெண்டரை பெர்சன்ட் எடுத்துக்கறான், நான் 160 டாலருக்கு அடிச்சா நாலு டாலர் கார்டுக்கே போயிடுது, கேலனுக்கு அவருக்கு நிக்கிறது சில சென்ட்தான், கோக்கும் சிப்ஸும் சிகரெட்டும் வித்தாதான் கடை ஓடும். "நீங்க டிரக்குக்காரங்க 160 அடிச்சுட்டு அந்த கோவத்துல ஒரு காபி கூட வாங்காம போயிடறீங்க"ன்னார். அன்னிக்கு ஒரு காபி வாங்கினேன். நல்லா இல்ல.

அதுக்காக டேங்க்க கொற சொல்ல மாட்டேன். பெரிய டேங்க் இருந்தா எங்க வாங்கறதுன்னு நாமதான் முடிவு பண்றோம், ட்ரெய்லர் இல்லாம போனா டாலஸ்ல கம்மியா இருக்கற எடத்துல ரொப்பிட்டு ஹூஸ்டன் போய்ட்டு திரும்பி வர்ற வரைக்கும் ஹைவே ஓரத்துல முப்பது நாப்பது சென்ட் ஏத்தி விக்கிறவன் பக்கம் திரும்ப வேணாம். 2017ல ஹார்வி புயல்ல கடலோர ரிஃபைனரியெல்லாம் மூடுனப்போ டாலஸ்ல எண்ணெய் தீந்துடும்னு புரளி கெளம்பி ஸ்டேஷன் ஸ்டேஷனா வரிசை நின்னுச்சு, பாதி பம்ப்ல பிளாஸ்டிக் பை கட்டி விட்டுட்டாங்க. அந்த மாதிரி வாரத்துல முழு டேங்க்கோட நிக்கிற வண்டிக்கு தனி மவுசு. பழைய எஃப்-150ல எல்லாம் ரெண்டு டேங்க் இருக்கும், டாஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச்ச தட்டுனா ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு மாறும், தொண்ணூறுகள் வரைக்கும் வந்துச்சு. பக்கத்து வீட்டு தாத்தா இன்னும் அத பத்தி பேசுனா நிறுத்த மாட்டார்.

வீட்டுக்காரம்மா சொல்ற யோசனை, பாதி டேங்க் வந்ததுமே அடிச்சுடுங்க, 125க்குள்ள முடிஞ்சுடும், பம்ப்பும் நிக்காது, உங்களுக்கும் நெஞ்சு அடைக்காது. லோக்கல்ல சுத்தும்போது அப்படித்தான் பண்றேன், நல்லாத்தான் இருக்கு. ட்ரெய்லரோட வெளியூர் போகும்போது நடக்காது, 180 மைலுக்கு ஒரு தடவை நிறுத்திட்டு இருந்தா பந்திக்கு போய் சேர்றதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிருக்கும்.

ஆர்டர் பேசுற விதத்த மட்டும் மாத்திட்டோம். கொட்டேஷன் அனுப்பும்போது கீழ ஒரு வரி, அறுபது மைலுக்கு மேல போனா எண்ணெய் காசு தனி, அன்னிக்கு இருக்கற விலைக்கு. மச்சானுக்கு மொதல்ல பயம், ஆர்டர் போயிடும் மாமான்னான். ஒண்ணும் போகல, சில பேர் கேக்காமலே ஒத்துக்கறாங்க. சான் அன்டோனியோலருந்து ஒரு அக்கா மட்டும் கூப்ட்டு, "தம்பி, எண்ணெய் காசுன்னு போட்டிருக்கீங்களே, அத நான் குடுத்துடறேன், அதுக்கு பதிலா ரெண்டு ட்ரே மெதுவடை சேத்து குடுத்துடுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாங்க. எத எதோட அட்ஜஸ்ட் பண்றோம்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மச்சான் சரிக்கான்னுட்டான், இப்போ உளுந்து ஊறப் போட்டிருக்கு.